4கே கம்ப்யூட்டர் விளையாட்டு: ஒரே கார்டு தாங்குமா?



மளிகைக் கடைக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்தவுடன் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் விளையாட்டுக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டு, ஒரு கொட்டேஷனைக் கொண்டு வந்து கல்லாப்பெட்டி மீது வைக்கிறார்கள். அதன் தொகை ஒரு லட்சத்தில் தொடங்கி மூன்று லட்சத்துக்கு மேலும் போகிறது. நம்மைப் போன்ற சிறு வணிகர்களின் வீட்டில் அந்தப் பணம் வேறு எங்கிருந்தும் வருவதில்லை. கடையின் முதலிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. பண்டிகைக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் அது.

அந்தக் கொட்டேஷனில் ஏறக்குறைய பாதித் தொகை 'கிராபிக்ஸ் கார்டு' என்ற ஒரே பொருளுக்குப் போகிறது. ஒரு மூட்டைத் துவரம்பருப்பைக் கூட குத்தூசி போட்டுப் பார்க்காமல் வாங்காத நாம், இந்த ஒரு பொருளை மட்டும் விற்பவர் சொன்ன சொல்லை நம்பி வாங்கி விடுகிறோம். "4கே திரையில் விளையாட ஒரு கார்டு தாங்குமா, இரண்டு போட வேண்டுமா?" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். எனவே இந்தப் பொருளின் கணக்கு என்ன என்பதை நமக்குப் பழக்கமான வியாபார மொழியிலேயே பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லி விடலாம். ஒரு கார்டு தாங்கும். இன்றைய நிலையில் ஒரு கார்டுதான் வழி. ஆனால் "தாங்கும்" என்பதற்கு என்ன அளவு என்று கேட்டுத் தெரிந்து கொள்ளாவிட்டால், கொடுத்த காசுக்கு எடை குறைவாகவே கிடைக்கும்.

புள்ளிக் கணக்கு

திரையில் தெரியும் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. இப்புள்ளியை 'பிக்சல்' என்பார்கள். பல ஆண்டுகளாக வழக்கத்தில் உள்ள 'ஃபுல் எச்.டி.' திரையில் அகலத்தில் 1,920 புள்ளிகள், உயரத்தில் 1,080 புள்ளிகள்; பெருக்கினால் 20,73,600. அடுத்த தரமான '1440பி' திரையில் 2,560-க்கு 1,440, மொத்தம் 36,86,400. 4கே திரையில் 3,840-க்கு 2,160, மொத்தம் 82,94,400. அதாவது ஃபுல் எச்.டி.யைப் போல் சரியாக நான்கு மடங்கு.

சினிமா பார்ப்பதற்கும் விளையாடுவதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சினிமா என்பது முன்கூட்டியே கட்டி வைத்த பொட்டலம். விநாடிக்கு 24 படம் என்று எடுத்து வைத்ததை அப்படியே எடுத்துக் காட்டினால் போதும். விளையாட்டு அப்படியல்ல. விளையாடுபவரின் கை அசைவுக்கு ஏற்ப ஒவ்வொரு படத்தையும் அந்த நொடியில்தான் வரைய வேண்டும். வாடிக்கையாளர் கேட்ட பிறகு நிறுத்துக் கட்டிக் கொடுக்கும் வேலை இது. படம் தடங்கலின்றி ஓட விநாடிக்கு 60 படம் வேண்டும் என்பது பொதுவான அளவு. ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. 4கே திரையில் 60 படம் என்றால் ஒரு விநாடிக்கு 49 கோடியே 76 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம், நிழல், நிறம் என்று பல கணக்குகள் தனித்தனியாக உண்டு.

இதில் ஓர் ஏமாற்றத்துக்கு இடம் இருக்கிறது. "இந்தக் கம்ப்யூட்டர் 4கே சப்போர்ட் செய்யும்" என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்காது. சாதாரண பில்லிங் கம்ப்யூட்டர்கள் பலவும் இன்று 4கே திரையில் கணக்கையும் சினிமாவையும் காட்டி விடும். ஆனால் 4கே படத்தைக் காட்டுவது வேறு, 4கே விளையாட்டை வரைவது வேறு. எதைச் சொல்கிறார் என்பதைக் கேட்க வேண்டும்.

கார்டுக்குள் என்ன இருக்கிறது?

கிராபிக்ஸ் கார்டில் முக்கியமானவை மூன்று. முதலாவது கணக்குப் போடும் சில்லு. இதற்குள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான சிறு கணக்குப் பகுதிகள் உள்ளன. என்விடியா நிறுவனம் 2022-ல் வெளியிட்ட 'ஆர்.டி.எக்ஸ். 4090' கார்டில் 16,384 பகுதிகள்; 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்த 'ஆர்.டி.எக்ஸ். 5090' கார்டில் 21,760 பகுதிகள்.

இரண்டாவது கார்டின் நினைவகம். கடையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அலமாரி போன்றது இது. விளையாட்டில் வரும் சுவர், மரம், முகம் ஆகிய எல்லாவற்றின் படச் சரக்கும் இதில் இருக்க வேண்டும். திரையின் புள்ளிகள் கூடக் கூட இந்த அலமாரியும் பெரிதாக இருக்க வேண்டும். இதன் அளவை 'ஜி.பி.' என்ற கணக்கில் சொல்வார்கள்.

மூன்றாவது, சில்லுக்கும் நினைவகத்துக்கும் இடையே உள்ள பாதை. 4090 கார்டில் இந்தப் பாதை விநாடிக்கு 1,008 ஜி.பி. சரக்கைக் கடத்தும், 5090 கார்டில் 1,792 ஜி.பி. அலமாரி நிரம்பி விட்டால் கம்ப்யூட்டரின் பொது நினைவகத்திலிருந்து சரக்கு எடுத்து வர வேண்டும். 4090 கார்டு சொருகப்படும் இணைப்பின் வழியாக ஒரு திசையில் விநாடிக்கு ஏறக்குறைய 32 ஜி.பி. மட்டுமே போக முடியும். முப்பதில் ஒரு பங்கு வேகம். கவுண்டரில் கூட்டம் நிற்கும்போது கடைப் பையனைக் குடோனுக்கு அனுப்பிச் சரக்கு எடுத்து வரச் சொல்வதைப் போன்றது இது. சில்லு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் நினைவகம் சிறிதாக இருந்தால் விளையாட்டு திக்கித் திக்கி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு கார்டு போட்ட காலம்

ஒன்று தாங்காவிட்டால் இரண்டு போடலாம் என்ற எண்ணம் புதிதல்ல. 1998-ல் அமெரிக்காவின் '3டி எஃப்எக்ஸ்' நிறுவனம் 'வூடூ 2' என்ற கார்டை வெளியிட்டது. ஒரு கார்டு போட்டால் அதிகபட்சம் 800-க்கு 600 புள்ளி. இரண்டு கார்டுகளை வயரால் இணைத்தால் 1,024-க்கு 768 புள்ளி. ஒரு கார்டு ஒற்றை வரிகளையும் மற்றது இரட்டை வரிகளையும் வரையும். இந்த முறைக்கு 'எஸ்.எல்.ஐ.' என்று பெயர். 2000 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் முக்கியச் சொத்துகளை வாங்க என்விடியா ஒப்பந்தம் செய்து கொண்டது. 2004-ல் அதே எழுத்துகளுக்கு வேறு விரிவாக்கம் கொடுத்து என்விடியா இரட்டைக் கார்டு முறையை மீண்டும் கொண்டு வந்தது. 2005-ல் ஏ.டி.ஐ. நிறுவனம் 'கிராஸ்ஃபயர்' என்ற பெயரில் போட்டிக்கு வந்தது. அந்த நிறுவனத்தை 2006-ல் ஏ.எம்.டி. வாங்கியது.

2013-ல் மேசை மீது வைக்கும் 4கே மானிட்டர்கள் கடைக்கு வந்தன. ஏசஸ் நிறுவனத்தின் 31.5 அங்குல மானிட்டர் அப்போது 3,499 டாலர். அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த 'ஜி.டி.எக்ஸ். டைட்டன்' கார்டு 999 டாலர். நினைவகம் 6 ஜி.பி. அவ்வளவு விலையுள்ள கார்டும் அன்றைய கனமான விளையாட்டுகளை முழுத் தரத்தில் 4கே திரையில் 60 படமாக ஓட்ட முடியாமல் திணறியது. ஆகவே வசதி படைத்தவர்கள் இரண்டு கார்டு போட்டார்கள். "4கே என்றால் இரண்டு கார்டு" என்ற பேச்சு பரவியது அந்தக் காலத்தில்தான். அன்று அது நியாயமான பேச்சு. இன்று அது காலாவதியான சரக்கு.

இரட்டைக் கார்டு ஏன் வழக்கொழிந்தது?

இரண்டு கார்டும் முறை வைத்து வேலை செய்தன. முதல் படத்தை ஒரு கார்டு வரையும், இரண்டாம் படத்தை அடுத்த கார்டு வரையும். கடையில் இரண்டு பேர் நின்று வாடிக்கையாளர்களை மாறி மாறிக் கவனிப்பது போல. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. நடைமுறையில் நான்கு சிக்கல்கள் வந்தன.

முதலாவது, நினைவகம் கூடவில்லை. இரண்டு கார்டும் ஒரே விளையாட்டை வரைவதால் ஒரே சரக்கை இரண்டிலும் நிரப்ப வேண்டும். ஒரே ஊரில் இரண்டு கடை திறந்தால் இரண்டிலும் உப்பு முதல் கற்பூரம் வரை அடுக்க வேண்டும் அல்லவா? 4 ஜி.பி. கார்டு இரண்டு போட்டால் பயன் 4 ஜி.பி.தான், 8 அல்ல.

இரண்டாவது, படங்கள் சீரான இடைவெளியில் வரவில்லை. விநாடிக்கு 60 என்று எண்ணிக்கை காட்டினாலும் இரண்டு படம் அடுத்தடுத்து வந்து, பிறகு சிறிது தாமதித்து அடுத்த இரண்டு வந்தன. கண்ணுக்கு அது 60 போலத் தெரியவில்லை.

மூன்றாவது, புதிய விளையாட்டுகள் முந்தைய படத்தின் தகவலை வைத்துக் கொண்டே அடுத்த படத்தை வரையத் தொடங்கின. முந்தைய படம் பக்கத்துக் கார்டில் இருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டும். நேற்றைய பேரேடு பக்கத்துக் கடையில் இருந்தால் இன்றைய கணக்கை எப்படி எழுதுவது?

நான்காவது, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாக ஏற்பாடு செய்தால்தான் இரண்டாம் கார்டு வேலை செய்யும். 2015-ல் வந்த 'டைரக்ட்எக்ஸ் 12' முறை அந்தப் பொறுப்பை விளையாட்டு தயாரிப்பவர்களின் தலையில் வைத்தது. இரட்டைக் கார்டு வைத்திருப்பவர்கள் மிகச் சிலர் என்பதால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதைச் செய்யவில்லை.

2020-ல் வந்த வரிசையில் 3090 கார்டில் மட்டுமே இணைப்பு வசதி இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் புதிய விளையாட்டுகளுக்கு இரட்டைக் கார்டு ஏற்பாட்டைத் தன் பங்கில் சேர்ப்பதில்லை என்று என்விடியா அறிவித்து விட்டது. 2022-ல் வந்த 4090 கார்டில் அந்த இணைப்பே இல்லை. ஆகவே "பழைய கார்டு இரண்டு போட்டுத் தருகிறேன், புதியதில் பாதி விலை" என்று யாராவது சொன்னால், இன்றைய விளையாட்டுகளில் இரண்டாவது கார்டு வெறுமனே சொருகியே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒற்றைக் கார்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

இரண்டாம் கார்டு மறைந்ததற்கு ஈடாக ஒற்றைக் கார்டு வளர்ந்தது. விலையும் சேர்ந்து வளர்ந்தது. 2015-ல் 980 டி.ஐ. கார்டு: 6 ஜி.பி., 649 டாலர். 2017-ல் 1080 டி.ஐ.: 11 ஜி.பி., 699 டாலர். 2020-ல் 3080: 10 ஜி.பி., 699 டாலர். 2022-ல் 4090: 24 ஜி.பி., 1,599 டாலர். 2025-ல் 5090: 32 ஜி.பி., 1,999 டாலர். இந்தியாவுக்கு இந்த 5090 கார்டின் ஆரம்ப விலையாக அறிவிக்கப்பட்டது ரூ. 2,14,000. சரக்குத் தட்டுப்பாட்டால் பல நாடுகளிலும் கடைவீதி விலை அறிவித்த விலையைத் தாண்டிப் போனது.

பலன் என்ன? 4090 வந்த பிறகு, அந்தக் காலத்து விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஒரே கார்டில் 4கே திரையில் உயர் தரத்தில் 60 படத்தைத் தாண்டின. பழைய விளையாட்டுகளுக்கும், பிள்ளைகள் குழுவாக ஆடும் இலகுவான போட்டி விளையாட்டுகளுக்கும் இவ்வளவு பெரிய கார்டு கூட வேண்டியதில்லை. 16 ஜி.பி. நினைவகம் உள்ள நடுத்தரக் கார்டுகளே போதும். என்விடியாவின் 5070 டி.ஐ. கார்டும் ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9070 எக்ஸ்.டி. கார்டும் இந்த வகை. 2025-ல் இவை வந்தபோது அறிவிக்கப்பட்ட விலை முறையே 749 டாலர், 599 டாலர்.

ஆனால் ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எங்கே பட்டுத் தெறிக்கிறது என்பதையெல்லாம் கணக்கிடும் புதிய முறை ஒன்று வந்திருக்கிறது. 'சைபர்பங்க் 2077' என்ற விளையாட்டில் 2023 ஏப்ரலில் இம்முறை முழு அளவில் சேர்க்கப்பட்டது. இதை முழுவதுமாகப் போட்டு, வேறு உதவி எதுவும் இல்லாமல் 4கே திரையில் ஓட்டினால், இரண்டு லட்சம் ரூபாய்க் கார்டான 5090 கூட விநாடிக்குச் சுமார் 30 படம் என்ற அளவிலேயே நிற்கிறது. எனவே "எல்லாவற்றையும் தாங்கும் கார்டு" என்று ஒன்று இன்னும் கடைக்கு வரவில்லை. 4கேயைப் போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 8கே திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நிகர எடை எவ்வளவு?

அப்படியானால் விளம்பரங்களில் 4கே, 240 படம் என்றெல்லாம் போடுகிறார்களே, எப்படி? நாம் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மூட்டை வாங்கும்போது சாக்கு எடை கழித்து நிகர எடை எவ்வளவு என்று கேட்கிறோம். அதே கேள்வியை இங்கும் கேட்க வேண்டும்.

கார்டுகள் இரண்டு உதவி முறைகளைப் பயன்படுத்துகின்றன. முதலாவது, சிறிய படத்தை வரைந்து பெரிதாக்குவது. என்விடியா இதற்கு 'டி.எல்.எஸ்.எஸ்.' என்றும் ஏ.எம்.டி. 'எஃப்.எஸ்.ஆர்.' என்றும் பெயர் வைத்துள்ளன. 'குவாலிட்டி' என்ற நிலையில் கார்டு வரைவது 1440பி படம். அதாவது 4கே புள்ளிகளில் 100-க்கு 44. 'பெர்ஃபாமன்ஸ்' என்ற நிலையில் வரைவது ஃபுல் எச்.டி. படம்; நான்கில் ஒரு பங்கு. மீதியை, பயிற்சி பெற்ற கணக்கு முறை ஊகித்து நிரப்புகிறது.

இரண்டாவது, வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே ஊகப் படங்களைச் செருகுவது. 2022-ல் இது ஒரு படம் என்று தொடங்கியது. 2025-ல் 5000 வரிசைக் கார்டுகளில் மூன்று படம் வரை செருகும் வசதி வந்தது.

இப்போது கணக்குப் போடுங்கள். திரையில் 4கே, 240 படம் என்றால் விநாடிக்கு 199 கோடிப் புள்ளிகள். இரண்டு உதவியையும் முழு அளவில் போட்டிருந்தால் கார்டு உண்மையில் வரைந்தது ஃபுல் எச்.டி. அளவில் 60 படம். அதாவது 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள். பதினாறில் ஒரு பங்கு. மீதிப் பதினைந்து பங்கும் ஊகம்.

இதைக் கலப்படம் என்று சொல்வது நியாயமாகாது. பெரிதாக்கும் முறை இப்போது வெகுவாகத் தேறி விட்டது. குவாலிட்டி நிலையில் ஓடும் படத்துக்கும் நேரடிப் படத்துக்கும் வேறுபாடு காண்பது பலருக்கும் கடினம். இந்த உதவியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஊகப் படத்தின் குணம் வேறு. கண்ணுக்கு ஓட்டம் நயமாகத் தெரியும். கை அசைவுக்குப் பதில் வரும் நேரம் குறையாது, சற்றுக் கூடவும் செய்யும். உண்மைப் படம் 60 இருக்கும்போது அதைச் செருகினால் நன்றாக இருக்கும். உண்மைப் படம் 20 மட்டும் இருக்கும்போது செருகினால் எண்ணிக்கை 80 என்று காட்டும். கை மட்டும் 20-ன் கனத்தையே உணரும்.

இதற்கு ஊரறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் விலையுள்ள 5070 கார்டு 1,599 டாலர் 4090 கார்டின் திறனைத் தரும் என்று அறிவித்தார். அந்த ஒப்பீடு புதிய வரிசையில் மட்டும் உள்ள ஊகப் பட வசதியைச் சார்ந்தது. கார்டு கடைக்கு வந்து, பரிசோதகர்கள் ஊகப் படங்களை நீக்கி அளந்தபோது 5070, 4090-க்கு வெகு கீழே நின்றது. நினைவகமும் 12 ஜி.பி.தான், 4090-ல் பாதி. மொத்த எடையை மட்டும் பார்த்து வாங்கியவர்களுக்கும் நிகர எடை கேட்டு வாங்கியவர்களுக்கும் உள்ள வேறுபாடு இதில் தெரியும்.

திரை, வயர், மின்சாரம்

கார்டு மட்டும் இருந்தால் போதாது. வீட்டில் உள்ள 4கே டி.வி. விநாடிக்கு 60 முறை மட்டுமே படம் மாற்றும் வகையாக இருந்தால், கார்டு 120 படம் வரைந்தாலும் பாதி வீண். இணைக்கும் வசதியையும் பார்க்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. 1.4 என்ற பழைய வகை 4கே படத்தை விநாடிக்கு 30 முறைதான் அனுப்பும், 2.0 வகை 60 முறை, 2.1 வகை 120 முறை. விலை உயர்ந்த கார்டை வாங்கி விட்டுப் பழைய வயரைப் போட்டால், அகலப் பாதையில் வந்த லாரி சந்தில் நுழைந்த கதைதான்.

மின்சாரமும் சாதாரணமல்ல. 5090 கார்டு மட்டுமே 575 வாட் வரை இழுக்கும். இதற்கு 1,000 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். பில் போடும் கம்ப்யூட்டருக்கு நாம் வைத்திருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். இதைத் தாங்காது; அதன் மொத்தத் திறனே 400 வாட்டை எட்டாது. கம்ப்யூட்டர் முழுவதும் 800 வாட் எடுத்து நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் மாதம் 96 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் இது 192 யூனிட். வீட்டு மின்சாரம் ஒரு படி மேலே போய் விடக் கூடும். நடுத்தரக் கார்டுகள் 300 வாட் அளவில் நிற்கின்றன.

இன்னொன்று. 2022-ல் 4090 கார்டுகள் சிலவற்றில் மின்சாரம் தரும் 16 முனைச் சொருகி உருகியதாகச் செய்திகள் வந்தன. சொருகி முழுவதும் உள்ளே போகாததே முக்கியக் காரணம் என்று அந்நிறுவனம் விளக்கம் அளித்தது. பிறகு சொருகியின் அமைப்பும் திருத்தப்பட்டது. இவ்வகைக் கார்டு வாங்கினால் சொருகி இடைவெளியின்றி முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து விட்டே சுவிட்சைப் போட வேண்டும்.

பில்லும் வரியும்

கிராபிக்ஸ் கார்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போட்டால் வரி திரும்பக் கிடைக்குமே என்று சிலர் எண்ணுவது இயல்பு. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17(5) பிரிவு இடம் தரவில்லை. வீட்டுப் பிள்ளை விளையாட வாங்கியதைக் கடைச் செலவில் காட்டினால் பின்னாளில் வட்டியோடு கட்ட நேரிடும். அதற்காகப் பில் இல்லாமல் வாங்குவதும் சரியல்ல. பில் இல்லையென்றால் வாரண்டி இல்லை. இரண்டு லட்ச ரூபாய்ப் பொருளுக்கு வாரண்டியே காப்பு.

பழைய கார்டு வாங்குவோரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எத்தீரியம் என்ற மின்னணு நாணயத்துக்காக இராப்பகலாக ஓட்டப்பட்ட கார்டுகள், 2022 செப்டம்பரில் அந்த நாணயத்தின் முறை மாறிய பிறகு பழைய சரக்காகச் சந்தைக்கு வந்தன. ஓட்டிப் பார்க்காமல் அவற்றை வாங்கக் கூடாது.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

1. பிள்ளை விளையாடப் போகும் விளையாட்டுகள் எவை? அவற்றின் பெயரை எழுதிக் கொண்டு போங்கள். கார்டை அவற்றுக்காக வாங்குங்கள், விளம்பரத்துக்காக வேண்டாம்.

2. அந்த விளையாட்டு 4கே திரையில், ஊகப் படங்கள் இல்லாமல், விநாடிக்கு எத்தனை படம் ஓடும்? பெரிதாக்கும் உதவி எந்த நிலையில் உள்ளது?

3. நினைவகம் எத்தனை ஜி.பி.? 4கே திரைக்குப் புதிதாக வாங்குவோர் 16-க்குக் கீழே போக வேண்டாம்.

4. மானிட்டர் எத்தனை அங்குலம்? 27 அங்குல மானிட்டர் என்றால் 1440பி தரமே பலருக்கு நிறைவு தரும். கார்டின் சுமை பாதிக்கும் கீழே இறங்கும், செலவும் இறங்கும்.

5. பவர் சப்ளை, வயர், யு.பி.எஸ். ஆகியவை கொட்டேஷனில் சேர்ந்துள்ளனவா?

6. பில், வாரண்டி யார் பெயரில்? பழுதானால் எந்த ஊருக்குக் கொண்டு போக வேண்டும்?

கடையில் பில் போடவும் இருப்புக் கணக்குப் பார்க்கவும் வாங்கும் கம்ப்யூட்டருக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை என்பதையும் இங்கே சொல்லி விட வேண்டும். அதைச் சேர்த்து விற்க வருபவரிடம் "வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

பிள்ளைகளின் ஆசையைக் கேலி செய்ய வேண்டியதில்லை. அவர்கள் கொண்டு வரும் கொட்டேஷனை அவர்களோடு உட்கார்ந்து, வரி வரியாகப் படித்துப் பாருங்கள். நிகர எடை கேட்கும் பழக்கத்தை அவர்கள் கற்றுக் கொள்ள இதுவும் ஒரு வாய்ப்பு. 4கே திரைக்கு ஒரு கார்டு போதும் என்பது உண்மை. எந்த விளையாட்டுக்கு, எந்தத் தரத்தில், எத்தனை உண்மைப் படத்துக்குப் போதும் என்று கேட்டு வாங்கினால், பல வீடுகளில் இரண்டு லட்சத்துக்கு வெகு குறைவான செலவிலேயே வேலை முடிந்து விடும். மீதிப் பணம் கடையில் சரக்காக இருக்கட்டும்.